யார் முதலில் கத்தியைக் கீழே வைப்பது? நாடுகளுக்கிடையிலான நம்பிக்கையும் ஆட்டக் கோட்பாடும்

பாடாங் செராய் கடைத்தெருவில், ரப்பர் வாங்கும் கடையொன்றின் வாசலில் அன்றைய விலையை எழுதிவைக்கும் பலகை ஒன்று உண்டு. காலை பத்து மணிக்குமேல் கட்டிப்பாலைச் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றிவரும் சிறுதோட்டக்காரர்கள், தராசைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். சில வாரங்களுக்கு முன் நான் அங்கே நின்றிருந்தபோது, ஐந்து ஏக்கர் பால்மரம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “வாத்தியாரே, உலகத்து ரப்பர்ல பாதிக்கு மேல சயாம், இந்தோனேசியா, நம்ம நாடு இந்த மூணுலதான் வெட்டுறாங்க. மூணு பேரும் பேசி வெச்சிக்கிட்டு ரெண்டு மாசம் விக்காம இருந்தா வெல தானா ஏறிடாதா? ஏன் யாரும் செய்ய மாட்டேங்கிறாங்க?”

“செய்து பார்த்திருக்கிறார்கள் அண்ணே, ஒரு முறை இல்லை, பல முறை” என்று சொன்னேன். பிறகு ஏன் விலை நிற்கவில்லை என்று அவர் கேட்டதற்குச் சுற்றி நின்றவர்களே விடை சொல்லிவிட்டார்கள். மற்ற நாட்டுக்காரன் வாக்குத் தவறுகிறவன் என்பது அவர்களுடைய விடை. எல்லைக்கு அப்பால் ஹாட்யாய் பக்கத்து ரப்பர் கடையில் நம்மைப் பற்றியும் இதையேதான் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த விடையை என்னால் ஏற்க முடியவில்லை. நேர்மையும் நல்லெண்ணமும் உடைய இருவரைக்கூட ஒருவரையொருவர் கைவிட வைக்கும் சூழல்கள் இருக்கின்றன. அந்தச் சூழல்களைப் பிரித்துக் காட்டும் கணிதத்துக்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். அதை ரப்பரைக் கொண்டே விளக்கலாம் என்று எண்ணியதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஆட்டம் என்ற சொல் இங்கே பொழுதுபோக்கைக் குறிப்பதில்லை. மழை வருமா என்று பார்த்துப் பால்வெட்டுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆட்டமாகாது, ஏனெனில் நாம் என்ன முடிவு செய்கிறோம் என்பதை மழை பார்த்துக்கொண்டிருப்பதில்லை. நம் முடிவால் நமக்கு வரும் லாபநட்டம் இன்னொருவரின் முடிவையும் பொறுத்திருக்கிறது, அவரும் நம்மை அதே போல் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறார் என்றால்தான் அது ஆட்டம். ஜான் வான் நியூமன், ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்ன் ஆகிய இருவரும் 1944-இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. 1950-இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் என்ற இரு கணிதவியலாளர்கள் வடிவமைத்த ஒரு சிறிய ஆட்டத்துக்கு, அதே ஆண்டில் ஆல்பர்ட் டக்கர் என்ற பேராசிரியர் ஒரு கதை சேர்த்தார். தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கப்படும் இரு கைதிகளின் கதை அது. இருவரும் வாய் திறக்காவிட்டால் இருவருக்கும் சிறு தண்டனை. ஒருவன் மட்டும் காட்டிக்கொடுத்தால் அவனுக்கு விடுதலை, மற்றவனுக்குப் பெருந்தண்டனை. இருவரும் காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் நடுத்தரத் தண்டனை. கைதியின் இக்கட்டு என்று இதைச் சொல்வார்கள்.

நமக்குக் கைதிகள் வேண்டாம். மலேசியா, தாய்லாந்து என்ற இரு நாடுகள் மட்டுமே ரப்பர் விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஏற்றுமதியைக் குறைப்பதென்று கை குலுக்கியாயிற்று. கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. இரண்டும் சொன்னபடி குறைத்தால் விலை ஏறி ஒவ்வொன்றுக்கும் மாதம் 8 பங்கு வருமானம். இரண்டும் சொல்லை மீறி வழக்கம்போல் விற்றால் விலை விழுந்து ஆளுக்கு 5 பங்கு. ஒன்று குறைத்து மற்றது முழுவதும் விற்றால், விற்ற நாடு ஏறிய விலையில் நிறைய விற்று 10 பங்கு பெறும். குறைத்த நாட்டுக்கு 3 பங்குதான் மிஞ்சும்.

இப்போது கோலாலம்பூரில் உட்கார்ந்து முடிவெடுக்கும் அதிகாரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். தாய்லாந்து சொன்ன சொல்லைக் காப்பாற்றும் என்று அவர் நம்பினால், தாமும் காப்பாற்றினால் 8, மீறினால் 10. ஆகவே மீறுவது லாபம். தாய்லாந்து மீறும் என்று அவர் அஞ்சினால், தாம் காப்பாற்றினால் 3, மீறினால் 5. அப்போதும் மீறுவதுதான் லாபம். அந்தப் பக்கம் என்ன செய்தாலும் இந்தப் பக்கத்துக்கு மீறுவதே மேல் என்று கணக்கு வருகிறது. பாங்காக்கில் இருக்கும் அதிகாரிக்கும் இதே கணக்கு, இதே விடை. இருவரும் பிழையில்லாமல் கணக்குப் போட்டு, ஆளுக்கு 8 கிடைக்கவேண்டிய இடத்தில் 5-உடன் வீடு திரும்புகிறார்கள். இந்த 5, 5 என்ற நிலையிலிருந்து எந்த நாடும் தனியாக நகர முடியாது, நகர்ந்தால் 3-க்கு இறங்கிவிடும். யாரும் தனித்து மாறி லாபம் காண முடியாத இப்படிப்பட்ட நிலைக்கு, அதை 1950-இல் வரையறுத்த ஜான் நாஷின் பெயரால் நாஷ் சமநிலை என்று பெயர்.

இந்தக் கணக்கில் இரண்டு வெவ்வேறு உந்துதல்கள் ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். 8-ஐ விட்டு 10-க்குப் போகச் சொல்வது பேராசை. 3-க்குப் பயந்து 5-ஐப் பிடித்துக்கொள்ளச் சொல்வது அச்சம். பேராசையே இல்லாத நாடும் அச்சத்தால் மட்டுமே சொல்லை மீறக்கூடும்; வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நாடுகளுக்கிடையில் பகை வளர்வதற்கு இந்த மயக்கம் பெருங்காரணம் என்பது என் எண்ணம், ஏனெனில் அவன் பயந்து செய்ததை நாம் பேராசையால் செய்தான் என்று எழுதிவைக்கிறோம்; நாம் பயந்து செய்ததை அவன் அப்படியே எழுதிவைக்கிறான்.

ரப்பரின் வரலாற்றில் இந்த ஆட்டம் முதலில் பெரிய அளவில் ஆடப்பட்டது 1922-இல். முதல் உலகப் போருக்குப் பின் வந்த மந்தத்தில் ரப்பர் விலை படுத்துவிட, லண்டனில் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையிலான குழு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைப் பரிந்துரைத்தது. அப்போது உலக ரப்பரில் ஏறத்தாழ 70 விழுக்காடு பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வந்தது. டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த இந்தோனேசியத் தீவுகளையும் சேர்த்துக்கொள்ளப் பேச்சு நடந்தது, அவர்கள் மறுத்துவிட்டார்கள். இருந்தும் 1922 நவம்பர் 1-ஆம் தேதி மலாயாவிலும் இலங்கையிலும் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் அதன் பழைய உற்பத்தியை அடிப்படையாக வைத்து ஓர் அளவு குறிக்கப்பட்டு, அதில் இத்தனை விழுக்காடுதான் ஏற்றுமதியாகலாம் என்று வரம்பு போடப்பட்டது.

விலை ஏறியது. 1925-இல் ஒரு பவுண்டு எடை ரப்பர் நான்கு ஷில்லிங்கைத் தாண்டியது. ஆனால் அந்த விலையை ஏற்றியவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர். சுமத்ராவிலும் போர்னியோவிலும் சிற்றூர் மக்கள் தங்கள் நிலத்தில் பால்மரத்தை நட்டுத் தள்ளினார்கள். மலாயா குறைத்த ஒவ்வொரு டன்னுக்கும் அங்கிருந்து சரக்கு போனது. மலாயாவிலிருந்தே அந்தத் தீவுகளுக்குப் படகில் கடத்தலும் நடந்தது. வாங்கும் பக்கத்திலிருந்த அமெரிக்காவோ தன் டயர்களுக்கான ரப்பரை வேறொருவர் கையில் விட்டுவைக்க விரும்பவில்லை. ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பெருந்தோட்டம் அமைக்க நிலம் பெற்றது. ஹென்றி ஃபோர்டு பிரேசிலின் அமேசான் காட்டுக்குள் ஒரு தோட்ட நகரத்தையே கட்டத் தொடங்கினார். 1928 நவம்பர் 1-ஆம் தேதி கட்டுப்பாடு கைவிடப்பட்டபோது பிரிட்டிஷ் பகுதிகளின் பங்கு உலக உற்பத்தியில் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. மேலே போட்ட கணக்கில் 3 என்று எழுதியிருந்தோமே, அந்தக் கட்டத்தில் மலாயா ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது.

அதற்கடுத்து வந்த உலகப் பெருமந்தத்தில் எல்லோரும் 5-ஐயும் இழந்தார்கள். 1932-இல் விலை ஒரு பவுண்டுக்கு இரண்டு பென்சுக்கும் கீழே போனது. நம் முன்னோரில் பல்லாயிரம் பேர் வேலையில்லை என்று நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டதும், எஞ்சியவர்களின் நாட்கூலி வெட்டப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். லண்டனிலும் ஹேக்கிலும் நடந்த பேச்சுகள் தங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன என்பது பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட நின்றவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோட்பாடு வெறும் கணக்காகத் தோன்றுவதில்லை.

1934 மே மாதம் ரப்பர் விற்கும் நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. இம்முறை பிரிட்டனுடன் நெதர்லாந்தும் பிரான்சும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) இந்தியாவும் கையெழுத்திட்டன. விற்கும் பெரிய நாடு எதுவும் வெளியே நிற்கவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் பங்களவு குறிக்கப்பட்டது, புது நடவு தடை செய்யப்பட்டது, அவ்வப்போது கூடி அளவை மாற்றியமைக்க லண்டனில் ஒரு நிலையான குழு அமர்ந்தது. டச்சுக்காரர்கள் முன்பு சேராததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஊரூராகச் சிதறிக் கிடக்கும் சிறுதோட்டக்காரர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பது. இப்போது அவர்கள் சிறுதோட்ட ரப்பருக்குக் கடுமையான ஏற்றுமதி வரி போட்டு அதைச் சமாளிக்கப் பார்த்தார்கள். போர் வரும்வரை இந்த ஒப்பந்தம் நின்றது. ஒத்துழைப்பு என்றாலே நன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மலாயாவில் பங்களவு பிரித்தபோது பெரிய தோட்டங்களுக்குச் சாதகமாகவும் சிறுதோட்டக்காரர்களுக்குப் பாதகமாகவும் பிரித்தார்கள் என்று பொருளியலாளர் பீட்டர் பாவர் பின்னாளில் விரிவாக எழுதினார். நாடுகள் கைகோத்தபோது அந்தக் கைகளுக்கிடையே நசுங்கியவர்களும் உண்டு.

எல்லா ஆட்டமும் கைதியின் இக்கட்டு ஆகாது. தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன அனுபவமுள்ளவர்களுக்கு இன்னொரு வகை ஆட்டம் உடனே விளங்கும். நாலு பக்கமும் ஆள் நின்றால் பன்றி கிடைக்கும், எல்லோருக்கும் கறி. ஒருவர் தன் இடத்தை விட்டு விலகி, கண்ணில் பட்ட உடும்பைத் துரத்தினால் அவருக்கு உடும்பு மிஞ்சும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இங்கே பன்றியைவிட உடும்பு யாருக்கும் பெரிதில்லை. ஆகவே பேராசைக்கு வேலை இல்லை. மற்றவர் நிற்பாரா என்ற ஐயம் மட்டுமே ஒருவரை உடும்பின் பின்னால் ஓட வைக்கும். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ 1755-இல் மான் வேட்டையை வைத்துச் சொன்ன உவமை இது. மான் வேட்டை ஆட்டம் என்றே இன்றும் பெயர். இவ்வகை ஆட்டத்தில், முதலில் சிலர் உறுதியாக நிற்பதைக் கண்ணால் கண்டால் மற்றவர்களும் நின்றுவிடுவார்கள்.

அப்படி ஒன்று நம்மிடையே நடந்திருக்கிறது. விடுதலைக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கித் தோட்டத் துண்டாடல் பெருகியபோது, அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு தொழிலாளி மட்டும் பங்குப் பணம் கட்டினால் அந்தப் பணம் எதற்கும் ஆகாது. பல்லாயிரம் பேர் கட்டினால் ஒரு தோட்டத்தையே வாங்கலாம். அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். சங்கம் முதலில் வாங்கியது எங்கள் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம். அதை வாங்கியது கண்ணுக்குத் தெரிந்த பிறகு பங்கு சேர்ப்பது எளிதாயிற்று என்று இப்பகுதிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாடுகளிடையே எழும் இக்கட்டுகளில் பேராசை எவ்வளவு, ஐயம் எவ்வளவு என்று முதலில் பிரித்தறிவது இதனால்தான் முக்கியம். ஐயம் மட்டுமே நோய் என்றால் முதலடி வைத்துக் காட்டுவது மருந்தாகும். பேராசையும் கலந்திருந்தால் முதலடி வைத்தவர் ஏமாளியாவார், 1922-இல் மலாயா ஆனதுபோல்.

பேராசை கலந்த ஆட்டத்துக்கு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த ஆட்டம் ஒரே ஒரு முறை ஆடப்பட்டால்தான் மீறுவது எப்போதும் லாபம். இதே இருவர் மாதந்தோறும் சந்திப்பார்கள், சென்ற மாதம் நடந்ததை இருவரும் நினைவில் வைத்திருப்பார்கள் என்றால் கணக்கு மாறுகிறது. இன்று மீறினால் 8-க்குப் பதில் 10 கிடைக்கும். ஆனால் அடுத்த மாதம் முதல் அந்தப் பக்கமும் மீறத் தொடங்கிவிட்டால் 8 கிடைத்த இடத்தில் 5-தான் கிடைக்கும். ஒரே ஒரு முறை 2 கூடுகிறது, அதன்பின் ஒவ்வொரு மாதமும் 3 குறைகிறது. நாளையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் எவரும் இந்த வியாபாரத்தைச் செய்யமாட்டார்.

1980-ஐ ஒட்டி அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் ஆக்சல்ராட் இதைக் கணினியில் சோதித்தார். திரும்பத் திரும்ப ஆடும் கைதியின் இக்கட்டுக்கு உத்திகளை நிரலாக எழுதி அனுப்புமாறு அறிஞர்களைக் கேட்டார். முதல் போட்டிக்கு 14 உத்திகள் வந்தன, இரண்டாவதற்கு 62. சூழ்ச்சி நிறைந்த நீண்ட நிரல்கள் பல இருந்தும், இரண்டு போட்டிகளிலும் வென்றது அனட்டோல் ரப்பப்போர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதலில் ஒத்துழை, பிறகு மற்றவர் சென்ற முறை செய்ததையே நீயும் செய் என்பதுதான் அதன் முழு உத்தி. அது தானாக முதலில் துரோகம் செய்யாது, செய்தால் சும்மா விடாது, திருந்தினால் பழையதைக் கிளறாது.

எங்கள் லயத்தில் என் தாயார் நடத்திய கூட்டு இந்த ஆட்டத்தின் நேர் உருவம். 12 பேர் மாதம் 100 வெள்ளி போடுவார்கள், ஒவ்வொரு மாதமும் ஒருவர் 1,200 வெள்ளியை எடுப்பார். முதல் மாதம் எடுத்தவர் அடுத்த மாதமே கட்டாமல் விட்டால் அவருக்கு 1,100 வெள்ளி லாபம். ஆண்டுக்கணக்கில் யாரும் அப்படிச் செய்யவில்லை. அதே லயத்தில், அதே குழாயடியில், அதே மாரியம்மன் கோவில் திருவிழாவில் தினமும் முகம் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டும் கூட்டு வரும். பின்னர் தோட்டம் விற்கப்பட்டது, மூன்று மாதத்தில் வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு, ஏற்கெனவே பணம் எடுத்திருந்தவர்களில் இருவர் கட்டாமலே வெளியேறினார்கள், என் தாயார் தம் தாலிக்கொடியை அடகு வைத்து மற்றவர்களின் பணத்தைக் கொடுத்தார். அவ்விருவரையும் கெட்டவர்கள் என்று என் தாயார் கடைசிவரை சொன்னதில்லை. நான் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்துறையைப் படித்த பிறகுதான், ஆட்டம் முடியும் நாள் தெரிந்துவிட்டால் ஒத்துழைப்பு அவிழத் தொடங்கும் என்ற தேற்றம் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது என்று விளங்கியது. (கூட்டு நடத்துவது இந்நாட்டில் சட்டவிரோதம், 1971-ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தின் பெயரிலேயே நம்முடைய ‘கூட்டு’ என்ற சொல் இருக்கிறது.)

நாடுகள் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போக முடியாது. தாய்லாந்து என்றும் நம் வடக்கு எல்லையில்தான் இருக்கும். ஆகவே ஆட்டம் முடிவதில்லை. ஆனால் அமைச்சர்கள் மாறுகிறார்கள், அரசுகளுக்குத் தேர்தல் வருகிறது, கையில் காசில்லாத அரசுக்கும் குடும்பத்துக்கும் அடுத்த ஆண்டு என்பது வெகு தொலைவு. நாளையின் மதிப்பு குறையக் குறைய இன்றைய 10-இன் இழுப்பு கூடுகிறது.

திரும்ப ஆடுவதற்கும் ஒரு குறை உண்டு. ஒருவர் செய்ததை மற்றவர் தவறாகப் புரிந்துகொண்டால், பதிலுக்குப் பதில் செய்யும் இருவரும் ஒரு தவறான பழியை மாறி மாறி எதிரொலித்துக்கொண்டே போவார்கள். 2019-இல் நடந்ததைப் பார்க்கலாம். தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் 240,000 டன் ஏற்றுமதியை நான்கு மாதங்களில் குறைப்பதென்று முடிவு செய்தன. மற்ற இரண்டும் ஏப்ரல் முதல் நாளே தொடங்க, தாய்லாந்து தன் நாட்டுத் தேர்தலைக் காரணம் காட்டி மே 20-ஆம் தேதிதான் தொடங்கியது. இதை வாக்குமீறல் என்று கொள்வதா, வீட்டுச் சிக்கல் என்று கொள்வதா? வெளிநாட்டாரோடு பேசும் மேசைக்குப் பின்னால் சொந்த நாட்டாரோடு பேசும் மேசை ஒன்று ஒவ்வொரு அமைச்சருக்கும் உண்டு என்பதை ராபர்ட் பட்னம் என்ற அறிஞர் 1988-இல் விளக்கினார். அந்த இரண்டாவது மேசையை நாம் பார்க்க முடியாதபோது தாமதம்கூடத் துரோகம்போல் தோன்றும். ஒரு தவறை மன்னித்து இரண்டாவதற்குப் பதில் சொல்லும் சற்றுத் தாராளமான உத்தி இப்படிப்பட்ட இடங்களில் நன்றாக வேலை செய்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

மன்னிப்பதற்கும் தண்டிப்பதற்கும் முன்னால், மற்றவர் என்ன செய்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு பேச்சிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒன்றையொன்று சற்றும் நம்பாத காலத்தில், 1987 டிசம்பரில் ரீகனும் கோர்பச்சேவும் நடுத்தொலைவு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ‘நம்பு, ஆனால் சரிபார்’ என்ற ரஷ்யப் பழமொழியை ரீகன் அப்போது மேற்கோள் காட்டினார். ஒரு நாட்டின் ஆய்வாளர்கள் மற்ற நாட்டின் தளங்களுக்குள் நேரில் சென்று எண்ணிப் பார்க்கும் உரிமை அதில் இருந்தது. 1991-க்குள் இரு தரப்பும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தன. நட்பு பிறந்த பிறகு எண்ணத் தொடங்கவில்லை. எண்ண முடிந்ததால் நட்பில்லாமலேயே அழிக்க முடிந்தது. ரஷ்யா மீறுகிறது என்று குற்றஞ்சாட்டி 2019 ஆகஸ்டில் அமெரிக்கா விலகியதோடு அந்த ஒப்பந்தம் முடிந்தது.

வெளியே நிற்பவரை என்ன செய்வது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஓசோன் படலத்தைக் காக்க 1987 செப்டம்பரில் உருவான மாண்ட்ரியல் நெறிமுறை. குளிர்சாதனப் பெட்டிகளில் பயன்பட்ட வாயுக்களைக் குறைக்கச் சம்மதித்த நாடுகள், சம்மதிக்காத நாடுகளோடு அப்பொருள்களை வாங்கவும் விற்கவும் கூடாது என்று அதில் எழுதப்பட்டது. வெளியே நின்று 10 பெறலாம் என்ற கட்டத்தையே அந்த ஒரு விதி அழித்துவிட்டது. ஏழை நாடுகளுக்குக் கால அவகாசமும் பண உதவியும் கிடைத்தன. இன்று உலகின் எல்லா நாடுகளும் அதில் உறுப்பினர்.

புகைமூட்டத்தை மட்டும் இந்த அச்சில் வார்க்க முடியாது. 2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவிக்கும் அளவுக்கு, நிலத்தைத் திருத்தச் சுமத்ராவில் வைத்த தீயின் புகை நம் மூச்சை அடைத்தது. இரு நாடும் ஒரே தவறைச் செய்து இருவரும் கெடும் ஆட்டம் இல்லை இது. தீயால் லாபம் பெறுபவர் ஓரிடத்தில், இருமுபவர் பல இடங்களில். இருமுபவர்களில் முதலாவதாக இந்தோனேசியாவின் ரியாவ், கலிமந்தான் மக்களே நிற்கிறார்கள், அங்கே செம்பனைத் தோட்டம் வைத்திருப்போரில் மலேசிய நிறுவனங்களும் உண்டு. எல்லை தாண்டும் புகைமூட்டத்துக்கெதிரான ஆசியான் உடன்படிக்கை 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014-இல்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வரலாம். விற்கும் நாடுகளோடு வாங்கும் நாடுகளையும் சேர்த்து, விலை விழும்போது ரப்பரை வாங்கிச் சேமித்து வைத்த பன்னாட்டு இயற்கை ரப்பர் அமைப்பு 1980 முதல் கோலாலம்பூரிலிருந்து இயங்கியது. ஆசிய நிதி நெருக்கடியின்போது அது போதிய உதவி செய்யவில்லை என்று மலேசியாவும் தாய்லாந்தும் வெளியேற, 1999-இல் அது கலைந்தது. இரண்டே ஆண்டுகளில், 2001 டிசம்பரில், தாய்லாந்தும் இந்தோனேசியாவும் மலேசியாவும் பாலித் தீவில் கூடித் தமக்குள் ஒரு முத்தரப்பு அமைப்பை ஏற்படுத்தின. 2016-இல் 615,000 டன், 2018-இல் 350,000 டன் என்று ஏற்றுமதியைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். மரத்தில் வெட்டுவதை யாரும் எண்ண முடியாது, துறைமுகத்தில் ஏறுவதை எண்ணலாம் என்பதால்தான் ஏற்றுமதியில் கை வைக்கிறார்கள். ஆனால் ஏற்றுமதியாகாத ரப்பர் கிடங்கில் கிடக்கிறது. நாளை அது வெளியே வரும் என்பது வாங்குபவருக்குத் தெரியும். அமைப்பு தொடங்கியபோது வெளியே இருந்த வியட்நாமும் மேற்கு ஆப்பிரிக்காவின் கோட் டிவாரும் இதற்கிடையில் உற்பத்தியில் மலேசியாவை முந்திவிட்டன, டச்சுக்காரர்கள் 1920-களில் வளர்ந்ததைப்போலவே.

இன்னொன்றும் இருக்கிறது. விலை விழும்போது மலேசிய அரசு சிறுதோட்டக்காரருக்கு உற்பத்தி ஊக்கத்தொகை தருகிறது. தாய்லாந்தும் தன் மக்களுக்குப் பலவகையில் கைகொடுக்கிறது. ஒவ்வொன்றும் தன் மக்களைப் பட்டினி போடாமல் காக்கும் நல்ல செயல், அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இருந்தாலும் எல்லா நாடுகளும் அதைச் செய்யும்போது, விலை விழுந்த காலத்திலும் எல்லோரும் வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இக்கட்டு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் அடுத்த வாரம் அதே கடை வாசலில் பெரியவரிடம் சொன்னேன். 2019-இல் குறைத்த 240,000 டன்னில் மலேசியாவின் பங்கு 15,600 டன்தான் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். நாம் அவ்வளவு சிறுத்துப்போனோம் என்பது அவருக்குச் செய்தி. பிறகு கேட்டார்: “சரி வாத்தியாரே, ஒவ்வொரு நாடும் எவ்வளவு கொறச்சிச்சுன்னு கணக்குப் பாக்குறது யாரு?”

மலேசியாவில் மலேசிய ரப்பர் வாரியம், தாய்லாந்தில் அதன் ரப்பர் ஆணையம், இந்தோனேசியாவில் ஏற்றுமதியாளர்களின் சங்கமான காப்கிண்டோ என்றேன்.

“அப்ப அவங்கவங்க கணக்க அவங்கவங்களேதான் எழுதுறாங்க” என்று சொல்லிவிட்டு, தம் சாக்கைத் தராசில் ஏற்றி முள் நிற்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.